காலித் தொட்டி

"வெட்டி வீணாக்குன தகரம் யார் தொட்டில அதிகமா கீதோ, அவன் வேலைக்கு வரத் தேவையில்ல."

ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் முதலாளி குலாம் பாய் போன மாதம் இப்படிச் சொன்னதிலிருந்து, ஏசி காற்று போகும் தகரக் குழாயான டக்ட் செய்யும் முதஸ்ஸிருக்குத் தூக்கமே இல்லை.

இன்று பாய் எட்டிப் பார்த்தார். அவன் தொட்டி மட்டும் சுத்தமாகக் காலி.

"பாருங்கடா, ஒரு துண்டு வீணாக்கலை! வா நைனா, தி.நகர் நகைக்கடைல இன்னிக்குத் திறப்பு விழா. நீ செஞ்ச டக்ட்டுதானே? நீதான் ஏசி சுவிட்ச்சைப் போடணும்."

"நான் வரலை பாய். வயிறு சரியில்ல."

"இன்னாத்துக்குக் கூச்சம்? ஏறு வண்டில."

கடையில் சால்வை போர்த்தினார்கள், கை தட்டினார்கள். அவனே செய்து அவனே மாட்டிய டக்ட் தலைக்கு மேலே பளபளத்தது. முதஸ்ஸிரின் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டது.

"பாய், வேற யாராவது போடட்டுமே..."

"உழைச்சவன் கைதான் ராசி. போடு!"

கண்ணை மூடிக்கொண்டு போட்டான். குளிர்ந்த காற்று வந்தது. எல்லோரும் ஆசையாக மேலே பார்த்தார்கள்.

அப்போதுதான் அங்கே கடகடவென்று அதிர ஆரம்பித்தன, தொட்டியில் போடப் பயந்து அவன் டக்ட்டுக்குள்ளேயே தள்ளி மூடியிருந்த தகரத் துண்டுகள்.