அவர்கள் ஆட்டம் பெருகட்டும்

தீலா கைப்பேசியை உயரத் தூக்கி, சிக்னல் தேடிப் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் புல் வட்டமாக மடங்கிக் கிடந்தது. புல்லறுத்துக்கொண்டிருந்த வித்தோரேயின் கை நின்றது.

மலைக் கன்னிமார் ராத்திரி கைகோத்து ஆடிய இடம். இங்கே கைப்பிள்ளைக்கும் தெரியும். கால் வைக்கிறவள் வாய்விட்டு அவர்களை வாழ்த்த வேண்டும். பார்க்காமல் போகிறவளைக் கூட இருப்பவள் கத்தி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வாய் கோணும், கால் விளங்காது.

"ஏன்க்கா, இந்தக் கன்னிமாரப் பத்தித்தானே பட்டம் வாங்குன? புல்லறுக்க அம்புட்டுப் படிப்பு வேணுமாக்கும்?" சற்று முன்புதான் தீலா சிரித்திருந்தாள்.

இவர்களைப் பற்றித்தான். ஷ்டோய்ஸோவலே என்று ஊர் இவர்களைக் கூப்பிடுவது பெயரே இல்லை என்று வித்தோரே ஆய்வேட்டில் எழுதினாள். 'ஆண்டவரே, அவர்கள் ஆட்டத்தைப் பெருக்கும்' என்ற வாழ்த்து அது. நிஜப் பெயரைச் சொல்லப் பயந்த சனம், வாழ்த்தையே பெயராக்கிவிட்டது. பயம் போட்ட கும்பிடு, வேறொன்றுமில்லை என்று முடித்திருந்தாள். ஷ்கோதர் நகரக் கல்லூரியில் கை தட்டினார்கள். வேலைதான் எவனும் தரவில்லை.

சித்தி மகள் தீலா எட்டாவதைத் தாண்டாதவள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், அப்புறம் இத்தாலி. மாப்பிள்ளை கோல் என்பவனை முதலில் வித்தோரேவுக்குத்தான் பேசினார்கள். படித்தவள் அடங்க மாட்டாள் என்றாள் அவன் அம்மா. அதே வாய்தான் தீலாவைத் தங்கம் என்றது.

தீலா வட்டத்தைத் தொட இன்னும் இரண்டு எட்டு.

வித்தோரே கத்துவதற்கு மூச்சை இழுத்தாள்.

பிறகு வாயை மூடிக்கொண்டாள். எல்லாம் பொய். பொய்க்கு எதற்குத் தொண்டையைக் கிழிக்க வேண்டும்?

தீலாவின் குதிகால் வட்டத்துக்குள் போனது. மற்றக் காலும் போனது.

ஒன்றும் நடக்கவில்லை. புல்கூட அசையவில்லை. தீலா அங்கேயே நின்று, யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் கைப்பேசியோடு சிரித்தாள்.

வித்தோரேவுக்குச் சப்பென்று போய்விட்டது. தனக்கு ஏன் அப்படிப் போக வேண்டும் என்று உறைத்ததும் முகம் காந்தியது.

"அக்கா, இங்க நல்லாக் கேக்குது, ஓடியா! அவரு உன்னத்தான் விசாரிக்கிறாரு!"

போகாமல் தீராது. அரிவாளைப் போட்டுவிட்டு நடந்தாள்.

வட்டத்தின் விளிம்பில் செருப்பு வாரைச் சரிசெய்கிறவள்போலக் குனிந்தாள். ஆண்டவரே, அவர்கள் ஆட்டத்தைப் பெருக்கும் என்று, தீலாவுக்குக் கேட்டுவிடாதபடி, தன் ஒருத்திக்காக மட்டும் முணுமுணுத்துவிட்டுக் காலை உள்ளே வைத்தாள்.