குஞ்சத்தில் நிற்காத மணி

"மறுபடியும் மணி கழண்டுடுச்சா மாஸ்டர்?"

கேட்டுக்கொண்டே தம்பி எழுந்து நின்றான். டிராயிங் மாஸ்டர் கூச்சத்தோடு தலையை ஆட்டிவிட்டு, நாய் வாரை மேஜைமேல் வைத்தார்.

"ஒண்ணுதான் தம்பி. அந்த நீல மணி."

அவர் காலடியில் அவருடைய நாய் பொத்தென்று படுத்தது. பெரிய உடம்பு, வயதான நாய். கடைக்குள் வந்தால் படுக்கும். கிளம்பச் சொன்னால் பெருமூச்சு விடும். அக்காவும் தம்பியும் அதற்கு மகாராஜா என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். வாரைப் பிடித்து இழுக்கவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. அப்படிப்பட்ட நாயின் வாரிலிருந்து மணி எப்படித்தான் விழுகிறதோ, தம்பிக்குப் புரியவே இல்லை.

முன்னறையில் தம்பி வியாபாரத்தைப் பார்த்துக்கொள்ள, உள்ளறையில் அக்கா வேலை செய்வாள். தோலைக் கீற்றுக் கீற்றாக அறுத்து, தலைமுடி பின்னுவது போல வழுவழுவென்று பின்னி நாய் வார் செய்வாள். கைப்பிடிக்குக் கீழே மெல்லிய தோல் இழைகளைக் குஞ்சமாகத் தொங்கவிட்டு, இழைக்கு இழை கலர் மணி கோத்து, அடியில் ஒரு முடிச்சு போடுவாள். 'நாய் மாறினாலும் வார் மாறாது' என்பது தம்பி வாடிக்கைக்காரர்களிடம் சொல்லும் வசனம். அந்த முடிச்சை நம்பித்தான் சொல்லுவான்.

அந்த முடிச்சுதான் இப்போது நிற்க மாட்டேன் என்கிறது.

அக்கா உள்ளிருந்து வந்தாள். "வாங்க மாஸ்டர். மகாராஜா சௌக்கியமா? உக்காருங்க, டீ குடிங்க. நொடியில கோத்துத் தரேன்."

"அவசரமே இல்லைங்க. மெதுவாப் பண்ணுங்க."

"நீலம் தீர்ந்துபோச்சு. பச்சை போடட்டுமா?"

"நீங்க எது போட்டாலும் நல்லாத்தான் இருக்கும்."

அக்கா வாரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தம்பி அவள் விரல்களையே பார்த்தான். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சட்டைப் பொத்தான் நழுவியது. அப்புறம் ஊசி நழுவியது. கடைசியில் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல், அக்காதான் குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டிவிட்டாள்.

மாஸ்டர் நல்ல மனுஷன், வந்து சொல்கிறார். சொல்லாமல் வேறு கடைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ! கண்ணில் கோளாறாக இருக்குமோ என்று போன மாதமே அக்காவை டாக்டரிடம் அழைத்துப் போனான். அவர், "உங்க அக்காவுக்குக் கண்ணு பளிச்சுன்னு இருக்கு, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். அப்படியென்றால் கைதான்.

"கொஞ்ச நாள் ஓய்வா இரு, அக்கா. மணி வேலைக்கு வேற ஆள் போட்டுக்கலாம்" என்று பிறகு ஒருநாள் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"ஏன்டா, எனக்குக் கை விழுந்தா போச்சு?" என்று சண்டைக்கு வந்தாள் அக்கா. அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

இனியும் தள்ளிப்போட முடியாது. தம்பி குரலைத் தாழ்த்தினான்.

"மாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு மணியே இல்லாத சாதா வார் ஒண்ணு தரேன். அக்காவை இனிமே சிரமப்படுத்த வேண்டாம். அவ கை சரியில்ல. எங்க அப்பாவுக்கு வந்த அதே வியாதியோன்னு பயமா இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். வேலையையும் நிறுத்திடலாம்னு…"

மாஸ்டரின் முகம் வெளுத்தது. டீ தம்ளரைக் கீழே வைத்தார்.

"ஐயையோ, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல தம்பி. நான்தான்…"

"நீங்கதான்?"

"நான்தான் கத்தரிச்சேன். முடிச்சுக்குக் கொஞ்சம் மேல." அவர் காது மடல் சிவந்துவிட்டது. "இங்க வர ஒரு காரணம் வேணும்ல? ஒரே ஒரு நாயை வச்சிக்கிட்டு எத்தனை வார்தான் வாங்கறது?"

தம்பிக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. ஏறியதும் வாய்கொள்ளாத சிரிப்பு வந்தது. நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு எங்கோ போய்விட்டது.

"அட, இவ்வளவுதானா! இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான் தூக்கமே இல்லாமக் கிடக்கறேன்!"

மாஸ்டர் சிரிக்கவில்லை.

"ஆனா தம்பி… நான் வெட்டினது முதல் ரெண்டு தடவைதான். அதுக்கப்புறம் மணி தானாவே விழ ஆரம்பிச்சுது. சத்தியமா நான் கத்தரியைத் தொடல. என் அதிர்ஷ்டம்னு நெனச்சு சந்தோஷமா வந்துட்டிருந்தேன். அவங்களுக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே!" அவருக்குக் கண் கலங்கியது.

போன பாறாங்கல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

தம்பி எழுந்து உள்ளே போனான். அக்கா பச்சை மணியை இழையில் நுழைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். வெதுவெதுப்பாக, ஆடாமல் அசையாமல்தான் இருந்தன.

"அக்கா, என்கிட்ட மறைக்காதே. மாஸ்டர் எல்லாத்தையும் சொல்லிட்டார். முதல்ல அவர்தான் வெட்டியிருக்கார். ஆனா அதுக்கப்புறம் தானா விழுதாம். உனக்கு விரல் நடுங்குதா? முடிச்சை இறுக்க முடியலயா? எதுவா இருந்தாலும் நான் பார்த்துக்கறேன், சொல்லு."

அக்கா வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள். முன்னறைப் பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்தாள். கன்னம் சூடேறியது.

"கத்தாதேடா, அவர் காதுல விழப்போகுது. அது கத்தரி வேலைதான்னு எனக்கு அப்பவே தெரியும். இப்படியே வெட்டிக்கிட்டிருந்தா குஞ்சமே மிஞ்சாதேன்னுதான், அதுக்கப்புறம் நானே முடிச்சை இறுக்காம அனுப்பிக்கிட்டிருக்கேன்."