நடுப்பெயர் கிட்டுசாமி

பதினோரு வயது அதிதிக்கு அநியாயம் செய்தவர் வேறு யாருமில்லை, பெரியப்பா பசுபதிதான். குடும்பத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ள நடுப்பெயர் இவளுக்கு மட்டும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

சொன்னது போன மாதம். இன்று காலை ஒன்பதரைக்குக் கோர்ட்டில் தத்து விசாரணை. அமெரிக்காவின் சுகர் லேண்டிலிருந்து கிளம்பிய கார் ஃப்ரீவேயில் ஊர்ந்துகொண்டிருந்தது.

ஓட்டியது பசுபதி. பக்கத்தில் அவர் மகள் தென்றல், இதற்காகவே யூனிவர்சிட்டியிலிருந்து வந்திருந்தாள். பின் சீட்டில் அதிதி, காதில் ஹெட்ஃபோன். அவளுடைய அம்மா ஷ்யாமளாவும், ஷ்யாமளாவைக் கல்யாணம் செய்துகொண்டு இப்போது அதிதியையும் தத்தெடுக்கப் போகிற இளமாறனும் முன்னாலேயே போய்விட்டார்கள். இளமாறன், பசுபதியின் தம்பி.

"அப்பா, இன்னும் டைம் இருக்கு. மாத்திடலாம்."

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. அவளுக்கும் கிட்டுசாமின்னு போடுங்க."

பசுபதி லேன் மாற இண்டிகேட்டர் போட்டார். ஒருத்தரும் இடம் விடவில்லை.

கிட்டுசாமி, பசுபதியின் அப்பா பெயர். இங்கே அவரவர் அப்பா பெயரே லாஸ்ட் நேம் ஆகிவிடுவதால், அண்ணன் தம்பி மூன்று பேரின் பிள்ளைகளுக்கும் மூன்று லாஸ்ட் நேம். ஒரே குடும்பம் என்று யாருக்குத் தெரியும்? அதற்காக நடுவில் எல்லோருக்கும் கிட்டுசாமி. பெண் பிள்ளைகளுக்கும்தான். ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே பசுபதி.

"ஸ்கூல் முழுக்க என்னைப் பூனையைக் கூப்பிடற மாதிரி 'கிட்டி, கிட்டி'ன்னு கூப்பிட்டாங்க. அழுதுட்டு வந்தா, 'அது நம்ம குடும்பத்து அடையாளம், கண்ணு'ன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்."

"முகிலன் சித்தப்பா வீட்டு நாய்க்குக்கூட வெட் ஆஸ்பத்திரியில டஃபி கிட்டுசாமின்னு பேரு! நாய் நம்ம குடும்பம். அதிதி இல்லை. அப்படித்தானே?"

"உன்னைப் படிக்க வச்சதே எங்கூட வாதாடறதுக்குத்தான் போல. மெதுவாப் பேசு, பின்னால புள்ளை இருக்குது."

"அவ பாட்டு கேக்கறா."

அதிதி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு எதுவும் ஓடுகிற மாதிரி தெரியவில்லை.

"ரத்தம் வேற. அதுதானே உங்க மனசுல இருக்கு?"

"நான் அப்படிச் சொன்னனா?"

"வேற என்னதான் சொன்னீங்க? 'இவளுக்கு அந்தப் பேர் வேண்டாம், விட்டுருங்க.' அவ்வளவுதான். ஏன்னு கேட்டா வாயே திறக்கலை. சித்தி கிச்சன்ல நின்னு அழுதாங்க. சித்தப்பா பாவம், 'அண்ணன் சொன்னாச் சரி'ன்னு அடங்கிப் போயிட்டார். கடைசில அதிதியோட இறந்துபோன அப்பா பேரைக் கொண்டுவந்து நடுவுல வச்சிட்டீங்க. அதிதி ஸ்ரீநிவாசன் இளமாறன்! எதுக்கு? இவ வெளியிலேருந்து வந்தவன்னு காலம் பூரா முத்திரை குத்தவா?"

பசுபதி பிரேக்கை அழுத்தினார். முன்னால் ஒரு பெரிய டிரக் அப்படியே நின்றது.

"பெரியப்பா..." பின்னாலிருந்து சின்னக் குரல். "லேட்டாப் போனா ஜட்ஜ் கேன்சல் பண்ணிடுவாங்களா?"

"பண்ண மாட்டாங்க, கண்ணு. பெரியப்பா கூட்டிட்டுப் போயிர்றேன்."

"பாருங்க, எப்படிப் பயந்து போயிருக்கா!" தென்றலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "போதும். நான் சித்தப்பாகிட்டயே பேசறேன். அவர் ஒரு வார்த்தை சொன்னா, உள்ள போறதுக்கு முன்னாடி லாயர் மாத்திக் கேட்பார்."

"தென்றல், போனைக் கீழ வை."

"மாட்டேன்."

"வைன்னு சொல்றேன்!"

பசுபதி இப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. அதற்குள் கார் ஸ்பீக்கரில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது.

"அக்கா, நோ! ப்ளீஸ்!" அதிதி ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டுவிட்டு முன் சீட்டைப் பிடித்து உலுக்கினாள். "நான்தான் கேட்டேன்! பெரியப்பா இல்ல, நான்தான்!"

"நீ என்ன கேட்டே?"

"லாஸ்ட் நேம் இனிமே டாடி பேரு. மிடில் நேம் கிட்டுசாமின்னா... என் அப்பா எங்க போவார்? என் பேர்ல அவருக்கு இடமே இல்லல்ல?"

தென்றல் பின் சீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"டாடிக்குத் தெரிஞ்சா ரொம்ப ஹர்ட் ஆவார். அப்புறம் என்னை அடாப்ட் பண்ண மாட்டார். அதான் பெரியப்பாகிட்ட மட்டும் சொன்னேன். 'நான் வேண்டாம்னு சொன்னதாவே இருக்கட்டும், என்னைத்தானே திட்டுவாங்க'ன்னு சொன்னார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு ப்ராமிஸ் பண்ணினார்."

அதிதி விசும்பினாள். தென்றல் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மடல் மட்டும் சிவந்திருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். மணி அடிப்பது நின்றுபோயிருந்தது. திரையில் சித்தப்பாவின் பெயர், அதன் கீழே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

எவ்வளவு நேரமாக?

அதிதி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்பீக்கரில் யாரோ நடந்துபோகிற ஷூ சத்தம் மட்டும் கேட்டது.

"சித்தப்பா..." என்றாள் தென்றல்.

"நீ இரு. அதிதிகிட்டப் பேசணும்." இளமாறனின் குரல் உடைந்திருந்தது.

பசுபதி ஒரு கையைப் பின்னால் நீட்டி அதிதியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, கேக்குதா? டாடி கோர்ட் வாசல்லயேதான் நிக்கிறேன், எங்கயும் போக மாட்டேன். நீ உங்கப்பாவையும் கூட்டிட்டே வா."