ஆறாவது மிருகம்

கணவன் வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவள் கணினியில் விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தம்பியைப் போனில் அழைத்தாள். ஆறு மிருகங்களை அணி சேர்த்து எதிராளியின் ஆறோடு மோதவிடும் விளையாட்டு அது. கூட ஆட ஆள் வேண்டுமென்று கணவன்தான் போன மாதம் அவளுக்குப் பழக்கியிருந்தான்.

"நல்ல அணி ஒண்ணு சேர்த்துக் குடுடா. இன்னைக்கும் அவரோட மோதணும்."

"அதுக்கு ஏன்க்கா பரீட்சைக்குப் போறவ மாதிரி நடுங்குற? மாமா என்ன வெச்சிருக்காரு?"

"முக்காவாசி நெருப்பு."

"அப்ப தண்ணி மிருகம் ரெண்டு வை. ஒண்ணு அடிக்க, ஒண்ணு அடி வாங்க. அடி வாங்குறது தாக்குப்பிடிச்சாதான் மத்தது பிழைக்கும்."

அவன் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். ஆறாவதும் சேர்ந்ததும் தம்பி சிரித்தான்.

"மாமா இன்னைக்கு மண்ணைக் கவ்வப்போறாரு, பாரு!"

வெளியே காலடிச் சத்தம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மேல்வீட்டுக்காரர் படியேறிப் போனார்.

"இந்த ஆறாவதை எடுத்துட்டு எதை வெச்சா தோப்பேன்?"

"என்னது?"

"கடைசி வரைக்கும் சரிசமமா போகணும். கடைசியில நான் தோக்கணும். வேணும்னே தோத்தேன்னு அவருக்குத் தெரியவே கூடாது. சீக்கிரம் சொல்லுடா."

"அக்கா, போன வாரம் படியில விழுந்துதான் கையில கட்டுன்னு சொன்னியே..."

"அன்னைக்கு நான் ஜெயிச்சுட்டேன்டா."