கூரையை இறக்க இரண்டு பேர்

“இழு” என்று வெளியிலிருந்து டேனியலின் குரல் வந்தது. வேனுக்குள் நின்றிருந்த ரோஸி பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

மேலே எழும்பி நின்ற கூரை மெல்ல இறங்கியது. மூன்று மூலைகள் ஒழுங்காக உட்கார்ந்தன. நான்காவது மூலை வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

“கேன்வாஸ் மாட்டிக்கிச்சு ரோஸி. தூக்கிட்டு மறுபடி பண்ணலாம்.”

மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் வானம் கருத்துக்கொண்டு வந்தது. ராத்திரி புயல் கரையைக் கடக்கும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். தெருவிலிருந்த கார்கள் எல்லாம் எப்போதோ மேம்பாலத்தில் ஏறி வரிசையாக நின்றுவிட்டன. வெள்ளம் என்றால் இந்தப் பக்கத்து ஜனம் முதலில் வண்டியைப் பாலத்தில் ஏற்றும், பிறகுதான் பால் பாக்கெட் வாங்கப் போகும்.

ஊர் சுற்றவும் உள்ளேயே படுத்துத் தூங்கவும் கூரையை உயர்த்திக்கொள்கிற மாதிரி கட்டிய டேனியலின் வேன் மட்டும்தான் பாக்கி. கூரை தூக்கி நிற்கிற வேனை ஓட்ட முடியாது.

அந்தக் கூரையைத் தூக்க ஒரு ஆள் போதும். இறக்கத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே நின்று பட்டையை இழுக்க வேண்டும். இன்னொருவர் வெளியே சுற்றி வந்து, கூரைக்கும் வண்டிக்கும் நடுவில் சுவர் மாதிரி இருக்கும் கேன்வாஸை மடித்து மடித்து உள்ளே தள்ள வேண்டும்.

உள்ளே நிற்க வேண்டிய ஆள், அவன் மனைவி ரோஸி, போன வருஷம் மார்ச்சிலேயே பெட்டியோடு சேலையூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதனால்தான் அவன் போன் செய்தான். அதனால்தான் அவள் வந்தாள். அக்கா தீபா தெருமுனையில் ஆட்டோவை நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை கோர்ட்டில் விவாகரத்துக்குக் கடைசிக் கையெழுத்து. இருவரும் சேர்ந்து செய்கிற கடைசி வேலை இதுதான் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பேசவில்லை.

பேசியிருந்தால்தான் இத்தனை தூரம் வந்திருக்காதே.

டேனியல் நல்லவன். குடி கிடையாது, கோபம் கிடையாது. வாயில் மட்டும் எப்போதும் கொழுக்கட்டை. பெட்டியைக் கட்டிய அன்று ரோஸி வேண்டுமென்றே வாசலில் நின்றாள். ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போயிருப்பாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் வைத்தான். கைப்பிடி உடைந்திருக்கிறது, பார்த்து இறக்கு என்றான்.

கூரை மறுபடி மேலே போனது. மேல்படுக்கையில் இரண்டு தலையணைகள் கிடந்தன. ஒருத்தன் படுக்க எதற்கு இரண்டு என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை.

பக்கக் கதவு நன்றாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் கேன்வாஸ் பூரி மாதிரி உப்பி, வெளியே துருத்தி மாட்டிக்கொள்ளும். அதைச் சொல்லிக்கொடுத்ததே டேனியல்தான். கேன்வாஸை வெட்டித் தைக்கக் கொடுத்ததும் அவன்தான். இருட்டிலும் தடவியே மடித்துவிடுவான்.

“இழு.”

இழுத்தாள். மறுபடியும் அதே மூலை.

ரோஸிக்குச் சுருக்கென்று வந்தது.

“என்னங்க நீங்க! கண்ணை மூடிக்கிட்டுச் செய்வீங்களே இதை. அக்கா காத்துக்கிட்டு இருக்கா, நான் போகணும்!”

சொல்லிக்கொண்டே சீட்டில் ஏறி அந்த மூலையைப் பார்த்தாள். கேன்வாஸில் தைத்திருந்த வலை ஜன்னல் அங்கே இன்னும் முழுதாக மடியவில்லை. வலைக்கு அந்தப் பக்கம் டேனியலின் கை தெரிந்தது.

அந்தக் கை துணியை உள்ளே தள்ளவில்லை. உள்ளே போன துணியை ஒரு பிடி வெளியே இழுத்துப் பிடித்திருந்தது. இறங்கிய கூரையின் விளிம்பு விரல்கள் மேலேயே உட்கார்ந்திருந்தது. நகங்கள் வெளுத்துப்போயிருந்தன. அப்படியும் விடவில்லை.

 வாசலில் நின்று அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை, இத்தனை மாதம் கழித்து இப்படி வந்து நிற்கிறது.

ஆனால் அவள் கத்தியது அவன் காதில் விழுந்துவிட்டதே.

“சரி” என்றான் டேனியல். பிடி தளர்ந்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் துணியை விட்டன.

அவள் கூரையைக் கொஞ்சம் மேலே தள்ளிக்கொடுத்தாள். வெளியே அவன் உள்ளங்கைகள் கேன்வாஸைத் தட்டித் தட்டி உள்ளே தள்ளிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தன. கொடைக்கானலில், ஏற்காட்டில், ஒவ்வொரு விடியலிலும் அவள் கேட்ட அதே சத்தம்.

“இழு.”

 இழுத்தாள். கூரை நான்கு மூலையும் சமமாக உட்கார்ந்தது. உள்ளே இருட்டிக்கொண்டது.

முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. தெருமுனையில் ஆட்டோ ஹாரன் அடித்தது.

“மாட்டிக்கிச்சுங்க” என்றாள் ரோஸி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள். “கேன்வாஸ் மாட்டிக்கிச்சு. மறுபடி தூக்கலாம்.”

 வெளியே மண்ணில் செருப்புச் சத்தம் வண்டியைச் சுற்றி வந்தது. அந்த மூலையில் வந்து நின்றது. விளிம்பை ஒரு கை தடவிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“இல்ல ரோஸி” என்றான் டேனியல். “இந்தத் தடவை சரியா இருக்கு. நீ கிளம்பு, மழை வலுத்துடும்.”

கூரையைப் பூட்டும் கொக்கிகள் உள்பக்கம்தான் இருந்தன. அவளே மாட்டினாள்.