கயிற்றை விட்டவன்

போன் அடிக்க இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. சர்வேயர் கையிலிருந்த புகைப்படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

அப்போதும் கால்சட்டை இறங்கித்தான் இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். கல்லூரி மைதானம். கயிறு இழுக்கும் போட்டியின் கடைசிச் சுற்று. அந்தப் பக்கம் வணிகவியல் வகுப்பு, எட்டு பேரும் எட்டு எருமை. இந்தப் பக்கம் புவியியல் வகுப்பு. ஏழு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள்.

எட்டாவது ஆள் இரண்டு கைகளாலும் தன் கால்சட்டையைப் பிடித்திருக்கிறான்.

அது சர்வேயர்தான். அந்தக் காலத்தில் அவர் இடுப்பை அளக்கப் பள்ளிக்கூட ஸ்கேலே போதும். பட்டப்பெயர் குண்டூசி. இப்போது ஊசி போய்விட்டது, குண்டு மட்டும் மிச்சம்.

“அப்போ கயித்தை விட்டது நீங்கதானா?” தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த மனைவி கேட்டார். “நாப்பத்து மூணு வருஷமா அந்த மனுஷனைப் போட்டு என்ன பாடு படுத்தினீங்க!”

சர்வேயர் பொய் சொன்னவர் அல்ல. விட்டது ஒட்டகம்தான் என்று சத்தியமாக நம்பியிருந்தார். ஒன்றை ஆயிரம் தடவை சொன்னால், சொல்கிறவனுக்கே அது கண்முன்னால் நடந்ததுபோல் தெரிய ஆரம்பித்துவிடும்.

ஒட்டகம் என்பது அவருக்கு முன்னால் நின்று இழுத்த நண்பன். கழுத்து அப்படி. வேறு ஊரில் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வருடம் எந்தத் தேதி என்று கேட்டாலும் அன்று வெயிலா மழையா என்று தூக்கத்தில்கூடச் சொல்வான். மற்ற விஷயங்களில் ஆகாயத்துக்கும் பூமிக்கும் புளுகுவான். வானிலையில் மட்டும் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணி. ஒரு மாதம் அவன் அழைப்பான், அடுத்த மாதம் இவர். விட்டது நீ. இல்லை, நீ. இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும்விட அந்தச் சண்டை வயதில் மூத்தது. பித்தப்பையை எடுத்த அன்று, மயக்கம் தெளிந்ததும் சர்வேயர் சொன்ன முதல் வார்த்தை “அவன்தான் விட்டான்.” எந்தக் குழாயை எவன் விட்டான் என்று நர்ஸ் பதறிப்போய்க் கட்டிலுக்கு அடியில் தேடினாள்.

அடுத்தவர் வேலித் தகராறையெல்லாம் சங்கிலி போட்டு அளந்து தீர்த்துவைத்தவர், சொந்தத் தகராறை மட்டும் தீரவே விடவில்லை.

காரணம் இருந்தது. அணியில் மற்ற ஆறு பேரும் தங்கமானவர்கள். சண்டை போட ஒன்றுமே இல்லாத தங்கங்கள். ‘நல்லா இருக்கியா, சர்க்கரை எவ்வளவு’ என்று பேச்சு தேய்ந்தது. பிறகு பிறந்தநாளுக்கு ஒரு கேக் படம் வந்தது. பிறகு கேக்கும் நின்றது.

இன்று உண்மையைச் சொன்னால் ஒட்டகமும் கேக் படமாகிவிடுவான்.

படத்தை எடுத்தவன் வகுப்பிலிருந்த கேமராப் பைத்தியம். அவன் மகள் பழைய பெட்டிகளை ஒழித்தபோது கிடைத்ததாம். ‘அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கலை, அங்கிள்’ என்று ஒரு சீட்டும் வைத்துத் தபாலில் அனுப்பியிருந்தாள்.

போன் அடித்தது.

“மரியாதையா ஒத்துக்கிட்டு, ஒரு சாரி சொல்லிடுங்க” என்றார் மனைவி.

“ஒத்துக்கிட்டா அடுத்த மாசம் என்னத்தைப் பேசுறது?”

மனைவி போனை எடுத்து அவர் காதில் வைத்தார்.

“என்னடா குண்டூசி, கயித்தை விட்டவனே, உயிரோட இருக்கியா?”

வழக்கப்படி இவர் இந்நேரம் கத்தியிருக்க வேண்டும். படத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

“ஏன்டா... அன்னைக்கு யாராச்சும் போட்டோ எடுத்தாங்களா?”

மறுமுனையில் ஒட்டகம் இரண்டு தடவை இருமினான்.

“போட்டோவா? எவன் எடுத்தான்? அன்னைக்கு ஒரே மேகமூட்டம்டா. தூறல் வேற. கேமராவை எவன் வெளியில எடுப்பான்?”

சர்வேயர் படத்தைப் பார்த்தார். பதினாறு பேரின் நிழலும் கத்தரித்து ஒட்டியதுபோல் தரையில் கிடந்தது. வெயில் தாங்காமல் எருமைகளுக்கே கண் சுருங்கியிருந்தது.

“ஆமாடா” என்றார் மெதுவாக. “மழையே பெஞ்சுது. நான் நனைஞ்சேன்.”

நாற்பத்து மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருமே பயந்துபோனார்கள்.

சர்வேயர்தான் முதலில் சுதாரித்தார்.

“ஆனா கயித்தை விட்டது நீதான்டா, ஒட்டகம்!”

“நானா!” என்று மறுமுனை அலறியது. அவ்வளவு சந்தோஷமான அலறலை அடுத்த வீட்டுக்காரர்கள்கூடக் கேட்டிருப்பார்கள்.

அவன் அலறி முடிப்பதற்குள் படத்தை உறைக்குள் தள்ளிவிடலாம் என்று சர்வேயர் அதைத் திருப்பினார். முதுகில் கேமராக்காரனின் குண்டு எழுத்தில் ஒரே ஒரு வரி: ‘இதன் பிரதி ஒன்று பெற்றுக்கொண்டேன்.’

கீழே ஒட்டகத்தின் கழுத்தைப் போலவே நீளமாக ஒரு கையெழுத்து. பக்கத்தில், போட்டி நடந்து மூன்றாம் நாள் தேதி.