படப்பை வரைக்கும்தான்

அடுத்த வாரம் லடாக் கிளம்பவிருந்த ஜெயகிருஷ்ணனின் பைக்கை, அவன் பெங்களூர் போயிருந்தபோது யாரோ எடுத்துக் கீழே போட்டிருந்தார்கள்.

பல்லாவரம் மெக்கானிக் ஹனீஃபா சீட்டைக் கழற்றிப் பார்த்தார். "இந்த வண்டிக்குப் பின்னாடி ஃப்ரேம்தான் சார் வீக்கு. ரெண்டு பேரா போய் பள்ளத்துல வுட்டுக்கிறாங்க. வெல்டிங் பிச்சிகினு கீது. பரவால்ல, சரி பண்ணிடலாம்."

கூட வந்திருந்த அப்பா சாம்பசிவன் முழங்காலைத் தடவினார். பைக்கே ஆகாது என்று தினமும் திட்டுகிறவர்.

"அப்பா, நீங்களா?"

"படப்பை வரைக்கும்தான்டா. உங்கம்மாவும் நானும் போனோம்."

ஜெயகிருஷ்ணனுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா பயந்தே போயிருப்பாங்களே!"

"அவ எங்கடா பயந்தா?" என்றார் சாம்பசிவன். "பின்னாடி உட்கார்ந்துகிட்டு, 'மெதுவா ஓட்டு ஞானாம்பா'ன்னு நான்தான் கத்திக்கிட்டே போனேன்."